துர்கா உட்கார்ந்த இடம்

முள்ளிப்பட்டுத் தறிக்காரர்கள் மற்ற எல்லாவற்றிலும் யோக்கியமானவர்கள்தான். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவர்களிடமிருந்து உண்மையான பதிலை வாங்க முடியாது. பட்டு நூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்கும் முதலாளி போன் செய்து, "எப்போப்பா அறுப்பே?" என்று கேட்பார். நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பதைத்தான் அறுப்பது என்பார்கள். பாதிகூட நெய்திருக்க மாட்டார்கள். இருந்தாலும், "நாளன்னிக்கு அறுத்துடலாங்க" என்று பதில் வரும். அது நாளன்னிக்கு இல்லை என்று கேட்டவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று சொன்னவருக்கும் தெரியும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. எதிரே வருகிறவருக்கு ஒரு கும்பிடு போடுகிற மாதிரி, அது ஒரு மரியாதை.

இந்த மரியாதையில் ஜெகநாதன் ஊரிலேயே பெரிய ஆள். அவன் சொல்லும் தேதியோடு ஒரு வாரத்தைக் கூட்டிக்கொண்டால் சரியாக இருக்கும் என்று அவனுடைய முதலாளி அருணகிரி மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவன் நெய்த சேலையில் ஒரு இழை குறை சொல்ல அவரால் முடிந்ததில்லை. கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் முன்னே பின்னே.

அவன் பத்தாவதோடு படிப்பை விட்டவன். பெங்களூருக்குப் போய் விசைத்தறிப் பட்டறை ஒன்றில் இரண்டு வருடம் இருந்து பார்த்தான். சோறு நன்றாகக் கிடைத்தது, தூங்க இடமும் கிடைத்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு செய்கிற வேலை ஒரு வேலையா என்று பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். வந்து அப்பாவின் குழித்தறியில் உட்கார்ந்தான். களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவரின் மகள் தேவிப்ரியாவைக் கட்டிக்கொண்டான். அவள் அதிகம் பேச மாட்டாள். அவன் பேசினான், அவள் கேட்டுக்கொண்டாள். குடும்பம் குறையில்லாமல்தான் ஓடியது.

ஐந்து வருடம் கழித்துத் துர்கா பிறந்தாள். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் அடங்கினாள். ஒரு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. நிற்கும், சில பிள்ளைகளுக்கு லேட்டாகும் என்று தெருவே சொன்னது. ஒன்றரை வயதில் ஒரு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார், மூளை முடக்குவாதம் என்று. பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட சேதம், அதனால் தசைகள் விறைத்துக்கொள்கின்றன, அறிவு எவ்வளவு இருக்கிறதென்று போகப் போகத்தான் தெரியும் என்றார். ஜெகநாதன் அந்தப் பெயரை அன்றைக்கு அங்கேயே விட்டுவிட்டு வந்தான். யாராவது கேட்டால், "கொஞ்சம் வீக்கா இருக்கா" என்பான்.

மகள் நடக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டதே இல்லை. ஆசையையும் அளவோடுதான் வைத்திருந்தான். அவள் உட்கார வேண்டும். சுவரில் சாய்க்காமல், யாரும் பிடிக்காமல், மற்ற பிள்ளைகள் மாதிரி தரையில் உட்கார்ந்து, தட்டில் இருக்கிற இட்லியைக் கையால் பிசைய வேண்டும். வாயில் போனால் போகட்டும், போகாவிட்டால் போகட்டும். மூன்றரை வயதாகியும் அது நடக்கவில்லை. பிடித்த கையை எடுத்தால் கொடியில் போட்ட துணி வழுக்கி விழுவதுபோல் பக்கவாட்டில் சரிந்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பார்த்திபன் வந்தார். வெம்பாக்கம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். பிசியோதெரபி படித்துவிட்டு, அதிலேயே ஆராய்ச்சிப் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தார். ஆரணியைச் சுற்றி இருக்கிற, வளர்ச்சி தாமதமான பிள்ளைகளில் முப்பத்தி நான்கு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார். பெற்றோரே வீட்டில் தினமும் ஒரு குறிப்பிட்ட பயிற்சியைக் கொடுத்தால் பிள்ளைகள் உட்காரப் பழகுவார்களா, எத்தனை நாளில், எவ்வளவு நேரம் என்று ஒரு வருடம் அளந்து பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. துர்காவை அரைமணி நேரம் தரையில் வைத்துத் திருப்பியும் புரட்டியும் பார்த்துவிட்டு, இவளைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். தேவி கையெழுத்துப் போட்டாள். ஜெகநாதனும் போட்டான்.

அவர் கொடுத்தது மூன்று பொருள்கள். ரெக்சின் உறை போட்ட, தடித்த தலையணை மாதிரி ஒரு உருளை. ஒரு விரிப்பு. ஒரு நோட்டு. குதிரைமேல் உட்காருகிற மாதிரி பிள்ளையை அந்த உருளையின் மேல் இரண்டு காலையும் விரித்து உட்கார வைக்க வேண்டும். எதிரே பொம்மையைக் காட்டி எட்டி எடுக்கச் சொல்ல வேண்டும். தினம் நாற்பது நிமிடம். செய்த நாளில் நோட்டில் ஒரு டிக். மாதம் ஒருமுறை அவர் வந்து, பிள்ளையைத் தட்டையான விரிப்பில் உட்கார வைத்து, கையை எடுத்துவிட்டு, எத்தனை வினாடி தாங்குகிறாள் என்று பார்ப்பார். கால் விரிந்திருப்பது முக்கியம் என்று மூன்று தடவை சொன்னார். இந்தப் பிள்ளைகளுக்குத் தொடைத் தசை உள்பக்கமாக இழுக்கும், நாளடைவில் இடுப்பு மூட்டு குழியைவிட்டு நகர்ந்துவிடக்கூடும், அதனால்தான் விரித்து வைக்கச் சொல்கிறேன் என்றார். ஆறாம் மாதம் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். ஜெகநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

முதல் இரண்டு மாதம் தேவிதான் செய்தாள். சொன்னது சொன்னபடி, கடிகாரத்தைப் பார்த்து. அதன் பிறகு அவளுக்கு ஆரணி பஜாரில் ஒரு பட்டுக் கடையில் சேலை மடிக்கிற வேலை கிடைத்தது. காலை பஸ்ஸுக்குப் போனால் இருட்டும்போது வருவாள். பகலெல்லாம் துர்கா அப்பாவிடம்.

தறி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். அவளை உருளையில் உட்கார வைத்தால், அவனும் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். தறி நின்றுவிடும். அவள் வேறு உருளையைக் கண்டாலே அழுதாள். காலை விரித்தாலே உடம்பு கட்டையாகிவிடும். பத்து நிமிடத்தில் இருவரும் வியர்த்துப் போவார்கள். ஒரு நாள் காலையில் பேஜாராகிப்போய், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே தறியில் போய் உட்கார்ந்தான்.

குழித்தறியில் நெய்கிறவன் தரைமட்டத்தில் பலகைமேல் உட்கார்ந்து, காலை எதிரே இருக்கும் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பான். அந்தப் பலகையில், தன் இரண்டு தொடைக்கும் நடுவே அவளை இறக்கினான். அவளுடைய முதுகு அவன் வயிற்றில் பட்டது. முன்னால் நெய்த சேலை சுருண்டிருக்கும் மரம் அவள் மார்புக்கு அணைவாக இருந்தது. அவளுடைய கால்கள், முழங்காலோடு முழங்கால் ஒட்டி, குழிக்குள் தொங்கின. அவன் மிதித்தான். ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. அழுகை நின்றது.

நிஜமாகவே நின்றது. குனிந்து பார்த்தான். நாடா இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் என்று அவள் தலை திரும்பிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அவள் எதையும் அப்படித் தொடர்ந்து பார்த்து அவன் பார்த்ததில்லை. அன்று மதியம்வரை அவளை இறக்கவில்லை. சேலையில் எச்சில் படாமல் ஒரு துண்டை மட்டும் போர்த்தினான்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். காலையில் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிக்கொண்டு குழியில் இறங்குவான். ஐந்து மணி நேரம், சில நாள் ஆறு. அவனுக்கும் ஆள் கிடைத்த மாதிரி ஆயிற்று. பெங்களூர்க் கதை, அருணகிரி கதை, யார் யாரோடு சண்டை, கரைக்கு என்ன நிறம் போட்டால் முந்தானை எடுப்பாகத் தெரியும் என்று ஒன்று விடாமல் மகளிடம் சொன்னான். உலகத்திலேயே அவன் பேச்சை நடுவில் வெட்டாமல் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மனைவி, இன்னொருத்தி மகள். மகளுக்கு எழுந்து போக வழியில்லை என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். அவன் அதையும் மகளிடம் சொல்லிச் சிரித்தான்.

சாயங்காலம் நோட்டை எடுத்து டிக் போட்டான். இதைப் பொய் என்று அவன் ஒரு நாளும் நினைக்கவில்லை. உட்காரத்தானே சொன்னார்கள், உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறாள், அதுவும் நாற்பது நிமிடத்துக்கு ஐந்து மணி நேரம். உருளையானால் என்ன, பலகையானால் என்ன. உருளை மூலையில் நின்றது. அடுத்த முறை வந்த பார்த்திபன், பொருளை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பது நீங்கள் மட்டும்தான் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கொடுமை என்னவென்றால், பிள்ளை உட்காரப் பழகிவிட்டாள். நாலாம் மாதம் விரிப்பில் மூன்று வினாடி இருந்தாள். ஆறாம் மாதம் இருபது. அறுந்த இழையை முடிய ஜெகநாதன் முன்னால் சாயும்போது, அவளும் முதுகை நிமிர்த்திக் கூடவே சாய்ந்தாள். அவன் நிமிர்ந்தால் நிமிர்ந்தாள். ஒரு நாள் நூல் எடுக்க எழுந்து போய்த் திரும்பிப் பார்த்தால், பலகையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், கை மரத்தின்மேல், தலை நேராக. அவன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான். ஒரு சத்தம் போட்டால்கூட விழுந்துவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டாம் மாதம் விரிப்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். முப்பத்தி நான்கு பிள்ளைகளில் யாரும் அந்த அளவுக்கு வரவில்லை. பார்த்திபன் வீடியோ எடுத்தார். தினம் எத்தனை நேரம் பயிற்சி என்று கேட்டதற்கு, "நாப்பது நிமிஷம் சார், சில நாள் அம்பதுகூட ஆவும்" என்றான்.

தறியைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். மறைக்க வேண்டும் என்று அவன் திட்டம் எதுவும் போடவில்லை. ஆனால் அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்தபிறகு, அதில் கை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அருணகிரியிடம் நாளன்னிக்கு என்று சொல்லியே பழகிய நாக்கு. எதிரே இருப்பவர் என்ன கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்வதுதான் நல்ல மனுசனுக்கு அழகு என்று அது பழகிவிட்டது.

ஒன்பதாம் மாதத்திலிருந்து ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தது. மதியம் தறியிலிருந்து தூக்கினால் துர்கா அழுதாள். சாதாரண அழுகை இல்லை. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு மூச்சு நிற்கும், பிறகு நீளமாக ஒரு கேவல். குழியில் திரும்ப இறக்கினால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஜெகநாதனுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. தறியைவிட்டு வரமாட்டேன் என்கிறாள், நெசவுக்காரன் மகள் இல்லையா என்று டீக்கடை வரை போய்ச் சொன்னான். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, பாருங்கள், பாருங்கள் என்று தூக்கிக் காட்டினான். அவள் கீச்சிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தேவி சிரிக்கவில்லை. ராத்திரி துணி மாற்றும்போது காலை விரிக்கவே விடமாட்டேன் என்கிறாள், இடது கால் கத்தரிக்கோல் மாதிரி மேலே ஏறிக்கொள்கிறது என்று அவனிடம் சொன்னாள். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்றான். பார்த்திபனும் அந்த மாதம் காலை விரித்துப் பார்த்துவிட்டு, போன மாதத்தைவிட இறுகியிருக்கிறது என்றார். ஆறாம் மாதம் எடுக்க வேண்டிய எக்ஸ்ரே என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆடி கழிந்து கல்யாணச் சேலைகள் குவிந்திருந்த நேரம் அது. அடுத்த வாரம் போய்விடலாம் சார் என்றான். பத்தாம் மாதமும் அடுத்த வாரம். பதினோராம் மாதமும் அடுத்த வாரம். தூக்கும்போது வலிக்கிற மாதிரி அழுகிறாளா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்திபன் கேட்பார், அது அவருடைய தாளிலேயே இருந்த கேள்வி. இல்லை சார் என்று ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னான். அது பொய் இல்லை. வலி என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வருடம் முடிந்ததும் ஆரணியில் ஒரு சிறிய கல்யாண மண்டபத்தில் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். பார்த்திபனுக்கு வழிகாட்டியான பேராசிரியர் வந்திருந்தார். மேடைக்குக் கீழே விரிப்பைப் போட்டு, துர்காவை உட்கார வைத்தார்கள். ஜெகநாதன் கையை எடுத்தான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கூட்டத்தைப் பார்த்து அவள் வாயைத் திறந்து ஏதோ சத்தம் கொடுத்தாள், விழவில்லை. மூன்று நிமிடம். மற்ற தாய்மார்கள் சிலர் அழுதுவிட்டார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு அம்மா கேட்டாள். அவளுடைய பையன் மடியில் துவண்டு கிடந்தான். ஜெகநாதன் அவளிடம், "டெய்லி விடாம செய்ங்கம்மா, தானா வரும்" என்றான்.

கடைசி அளவெடுப்பில் எக்ஸ்ரே கட்டாயம். இந்தத் தடவை பார்த்திபனே கூட்டிக்கொண்டு போனார். படத்தை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வேலூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிடலாம், நாளைக்கே போகலாம் என்றார். கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தேவியும் கூட வந்தாள். பஸ்ஸில் போகும்போது ஜெகநாதன் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வேலூர் டாக்டர் வயதானவர், கை மெதுவானது. துர்காவை மேஜையில் படுக்க வைத்து, வலது காலைப் பிடித்து மெல்ல விரித்தார். அவள் விறைத்தாள், அவ்வளவுதான். இடது காலைப் பிடித்தார். இன்னும் மெதுவாக, ஒரு விரற்கடை அளவுகூட இருக்காது, வெளிப்பக்கமாக நகர்த்தினார்.

கீச்சென்று ஒரு சத்தம். மூச்சு நின்றது. பிறகு நீளமாக ஒரு கேவல்.

ஜெகநாதனுக்கு அந்தச் சத்தம் தெரியும். நான்கு மாதமாகத் தினமும் கேட்ட சத்தம். தெருவைக் கூப்பிட்டுக் காட்டிய சத்தம். டாக்டர் படத்தைக் காட்டி, பந்து மாதிரி இருப்பது குழிக்குள் இருக்க வேண்டும், வலப்பக்கம் பாதி இருக்கிறது, இடப்பக்கம் முழுசாக வெளியே வந்துவிட்டது என்று தேவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவன் வெளியே வந்து நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்த்திபன் பின்னாலேயே வந்தார்.

"சார், இதே மாதிரி தினம் அழுதா சார். தறியைவுட்டுத் தூக்கறதாலதான் அழுவுறானு நெனச்சிகினு இருந்தேன்."

"எந்தத் தறிண்ணா?" என்றார் பார்த்திபன்.

அப்போதுதான் சொன்னான். முதல் நாளிலிருந்து சொன்னான். உருளை மூலையில் நின்றதை, ஐந்து மணி நேரத்தை, ஒட்டிக்கொண்டு தொங்கிய முழங்கால்களை, டிக்குகளை. நடையில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். பார்த்திபன் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று அவன் எதிர்பார்த்தான், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "இறுகுதுனு தெரிஞ்சுது. நானே ஒன்பதாம் மாசம் கூட்டிகினு போயிருக்கணும்" என்றார். அவருடைய ஒரு வருட வேலையில் ஓட்டை விழுந்துவிட்டது என்பது அவனுக்கே புரிந்தது. அதைப் பற்றி அவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டரிடமும் அவனே போய்ச் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். உங்கள் தறியால்தான் இது வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, சொன்னதெல்லாம் செய்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது வருகிறது, மூன்றில் ஒரு பிள்ளைக்கு வருகிறது என்றார். ஆனால் ஆறு மாதம் முன்னால் பார்த்திருந்தால் தசையை மட்டும் தளர்த்திச் சின்னதாக முடித்திருக்கலாம், இப்போது எலும்பையே வெட்டிப் பொருத்த வேண்டும் என்றும் சொன்னார். முதலில் சொன்னதைத் தேவி பிடித்துக்கொண்டாள். இரண்டாவதாகச் சொன்னதை ஜெகநாதன் பிடித்துக்கொண்டான்.

ஆபரேஷன் முடிந்து துர்காவுக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. இரண்டு காலும் விரிந்திருக்க, நடுவில் ஒரு கழியை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம். கதவில் இடிக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வேண்டியிருந்தது. தேவி வேலையை விட்டுவிட்டாள். புருஷனைப் பார்த்து அவள் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள், தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"நான் சொன்னனேங்க. கால விரிக்க வுட மாட்டேங்குறானு அன்னிக்கே சொன்னனே."

வாழ்நாளெல்லாம் யார் எது கேட்டாலும் ஒரு பதிலை வைத்திருந்த மனுசன், வெளியே போய் நின்றான்.

பார்த்திபன் வந்தார். துர்காவின் கணக்கை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடப் போவதில்லை, நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன், அதற்கு உங்கள் நோட்டு திருத்தமாக வேண்டும் என்றார். ஜெகநாதன் உட்கார்ந்து, பத்து மாதத்து டிக்குகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் தறி என்று எழுதினான். கூடவே மணியையும் எழுதினான். எழுதி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மண்டபத்தில் கேட்ட அந்த அம்மாவின் போன் எண்ணை வாங்கி, அவளிடமும் சொன்னான். நான் சொன்னதைக் கேட்டு எதுவும் செய்துவிடாதீர்கள், முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்றான். அவள், எடுத்துவிட்டேன் அண்ணா, நன்றாக இருக்கிறது என்றாள். அவன் போனை வைத்துவிட்டு அழுதான். அது பொறாமையா சந்தோஷமா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால்கள் இரண்டும் குச்சியாக இருந்தன. விரிப்பில் உட்கார வைத்துக் கையை எடுத்தார்கள். துர்கா சரிந்தாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி சரிந்தாள். அந்த மூன்று நிமிடம் போய்விட்டது. ஒரு நிமிடமும் போய்விட்டது, இருபது வினாடியும் போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், ஒருமுறை வந்த உடம்புக்கு மறுபடியும் வர வாய்ப்பு உண்டு, நிச்சயம் சொல்ல முடியாது என்றார் பார்த்திபன். இப்போது ஜெகநாதன் தறியை நிறுத்திவிட்டு, தினம் நாற்பது நிமிடம் உருளையின் பின்னால் உட்காருகிறான். கடிகாரம் பார்த்துத்தான் எழுந்திருக்கிறான். செய்யாத நாளில் நோட்டில் கோடு போடுகிறான். மற்ற நேரத்தில் அவளைத் தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்துப் படுக்க வைக்கிறார்கள்.

போன வாரம் ஒரு காலையில், பல நாளுக்குப் பிறகு பேச்சு வந்தவன் மாதிரி, மிதித்துக்கொண்டே அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். கரைக்கு வந்திருக்கிற புது நிறத்தைப் பற்றி. நாடா நான்கு முறை ஓடியிருக்கும். பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தான். அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, கண் சுருங்கியிருந்தது, கழுத்து பின்னால் வளைந்திருந்தது. முன்பெல்லாம் அந்த முகத்தைப் பார்த்தால், சிரிக்கிறாள் பார் என்று தேவியைக் கூப்பிடுவான். யோசிக்கவே மாட்டான்.

தறியை நிறுத்தினான். முகம் சாதாரணமாயிற்று. மறுபடி மிதித்தான். மறுபடி அதே முகம், அதே சத்தம். குழியைவிட்டு ஏறி வந்து, அவள் இடுப்பைத் தடவிப் பார்த்தான், தையல் போட்ட இடத்தைப் பார்த்தான், தலையணையை நகர்த்திப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. தேவி மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். போனை எடுத்துக்கொண்டு மறுபடி குழியில் இறங்கி, ஒரு கையால் நாடாவை ஓட்டிக்கொண்டே மகள் முகத்தை வீடியோ எடுத்தான். பார்த்திபனுக்கு அனுப்பினான். கீழே, "சார் இது சிரிக்கிறாளா வலிக்குதா" என்று எழுதினான்.

அவர் பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரக் கால்மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவன் பாய் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"நானும் பத்து தடவை போட்டுப் பாத்துட்டேண்ணா. எனக்குத் தெரியல. அவ முகத்தை என்னைவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும். நீங்க இன்னா நினைக்கிறீங்க?"

ஜெகநாதன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு பாயில் அவள் பக்கத்தில் படுத்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். தேவி திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும்வரை அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.